ரப்பர் பாலில் இருக்கும் அந்த ஆறு சதவீதம்

கன்னியாகுமரி மாவட்டத்து அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டு அடிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் புத்தகம் படிக்காமலே கைக்குத் தெரியும். ரோலரில் பிழிந்து காயப்போட்ட ஷீட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையை வெட்டி இரண்டு கையாலும் இழுத்தால் முதலில் சும்மா நீளும், அப்புறம் ஒரு கட்டத்தில் உள்ளே யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இறுகும், அதற்கு மேல் இழுக்கத் தோள் பலம் வேண்டும். இத்தனைக்கும் ரப்பரை உறுதியாக்க ஆலையில் சேர்க்கிற கந்தகத்தை அதில் சேர்க்கவில்லை, சூடேற்றி வேக வைக்கவில்லை, எந்த ஆலைக்கும் அது போகவில்லை. வெறும் பால், கொஞ்சம் ஆசிட், தண்ணீர், வெயில். அவ்வளவுதான்.

இதே வேதிப்பொருளை மனிதர்கள் ஆலையிலும் செய்கிறார்கள். அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனம் 1954-இல் இதைச் செய்து காட்டியது, அடுத்த ஆண்டே ஃபயர்ஸ்டோன் லித்தியத்தை வினையூக்கியாக வைத்து வேறொரு வழியில் செய்தது, 1960-களில் சோவியத் ஒன்றியம் பெரிய ஆலைகளிலேயே இறங்கிவிட்டது. ஐசோப்ரீன் என்ற சின்ன மூலக்கூறை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் பாலிஐசோப்ரீன். ரப்பர் மரம் செய்வதும் அதைத்தான். ஆனால் ஆலையில் செய்த பாலிஐசோப்ரீனை, கந்தகம் சேர்ப்பதற்கு முன்னால், பட்டையாக வெட்டி இழுத்துப் பாருங்கள். மென்று துப்புகிற பபிள்கம் மாதிரி நீண்டுகொண்டே போய், மெலிந்து, எதிர்ப்பே காட்டாமல் அறுந்துவிடும். விமானச் சக்கரத்தின் டயரும் கனரக லாரியின் டயரும் இன்றைக்கும் பெரும்பகுதி மரத்து ரப்பரை நம்பியிருப்பதற்கு இந்த வித்தியாசம் ஒரு முக்கியமான காரணம்.

அப்படியானால் இரண்டுக்கும் நடுவே என்ன வேறுபாடு? எளிதாகச் சொல்லப்படும் பதில் சங்கிலியின் ஒழுங்கு. ஐசோப்ரீன் துண்டுகளை இரண்டு விதமாகக் கோக்க முடியும், ஒன்று 'சிஸ்', மற்றொன்று 'டிரான்ஸ்'. சிஸ் முறையில் கோத்தால் ரப்பர் வரும், டிரான்ஸ் முறையில் கோத்தால் கட்டா பெர்ச்சா என்கிற விறைப்பான பொருள் வரும், முன்பு கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட்டார்களே, அது. மரத்து ரப்பரில் ஏறக்குறைய முழுவதும் சிஸ். ஆலை ரப்பரில் டைட்டானியம் வினையூக்கி என்றால் 98% வரை சிஸ், லித்தியம் என்றால் 90% சுற்றி. அந்தச் சில சதவீதப் பிழை நிச்சயம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. மரத்து ரப்பரையே எடுத்து, அதன் சிஸ் ஒழுங்கைத் துளியும் கெடுக்காமல், அதில் ஒட்டியிருக்கும் 'அசுத்தங்களை' மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்கள். கழற்றக் கழற்ற அது ஆலை ரப்பரைப் போலவே நடக்க ஆரம்பித்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் அசுத்தம் என்ற சொல்லைக் கொஞ்சம் சரி செய்துகொள்வோம். ரப்பர் வியாபாரத்தில் அழுக்கு என்றால் மண், பட்டைத்துண்டு, இலை, மணல். ஐ.எஸ்.என்.ஆர் 20 என்று நாம் சொல்கிற கட்டி ரப்பர் ரகத்தின் பெயரில் இருக்கும் 20-கூட, அழுக்கு 0.20%-ஐத் தாண்டக்கூடாது என்ற கணக்கில் வைத்த எண்தான். அந்த அழுக்கு யாருக்கும் வேண்டாதது, டயருக்குள் ஒரு மணல் துகள் இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். நான் பேசப்போவது அதைப் பற்றி இல்லை. மரமே தன் பாலுக்குள் வைத்து அனுப்புகிற புரதம், கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றைப் பற்றி. ஆய்வாளர்கள் இவற்றை ரப்பர் அல்லாத பொருட்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு வேதியியலாளரின் கண்ணுக்கு இவையும் மாசுதான், ஏனென்றால் அவருக்கு வேண்டியது தூய பாலிஐசோப்ரீன். மரத்தின் கண்ணுக்கு அப்படி இல்லை.

காலையில் சிரட்டையில் இறங்கும் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர். ரப்பர் 30 முதல் 40% வரை. மிச்சத்தில் புரதம் ஒன்று இரண்டு சதவீதம், கொழுப்புப் பொருட்கள் அதே அளவு, குவெப்ராக்கிடால் என்ற ஒரு சர்க்கரை வகைப் பொருள் கொஞ்சம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட் போன்ற தாது உப்புகள் அரை சதவீதம் அளவில். தண்ணீரை ஓட்டிவிட்டால் கிடைக்கிற காய்ந்த ரப்பரில் சுமார் 94% பாலிஐசோப்ரீன், 6% மற்றவை. இந்த ஆறில் புரதம் இரண்டுக்குச் சற்று மேல், கொழுப்பு வகைகள் எல்லாம் சேர்த்து மூன்றுக்கு மேல். கேட்க ஒன்றும் பெரிய அளவாகத் தெரியாது. ஆனால் அவை எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ரப்பர் பால் ஒரு கரைசல் கிடையாது. சர்க்கரை தண்ணீரில் கரைந்திருப்பது போல ரப்பர் அதில் கரைந்திருக்கவில்லை, மாட்டுப் பாலில் கொழுப்பு இருப்பதுபோலக் குட்டிக் குட்டி உருண்டைகளாக மிதக்கிறது. பெரிய உருண்டை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில் இருக்கும், சின்னது அதில் பத்தில் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு தோல் உண்டு. புரதமும் பாஸ்போலிப்பிட் என்கிற கொழுப்பும் கலந்து நெய்த தோல், தடிமன் சுமார் 20 நானோமீட்டர். பாஸ்போலிப்பிட் நமக்குப் புதிதல்ல, நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் சவ்வும் பெரும்பாலும் அதனால்தான் ஆனது. ஒரு பக்கம் தண்ணீரை விரும்பும் பாஸ்பேட் தலை, மறுபக்கம் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் இரண்டு கொழுப்பமில வால். எண்ணெயைப் போன்ற ரப்பர் உள்ளே, தண்ணீர் வெளியே, நடுவில் இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த இந்த ஆள்.

இந்தத் தோலுக்கு வெளிப்புறம் எதிர் மின்னூட்டம் இருக்கும், அதனால்தான் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கட்டியாகாமல் மிதக்கின்றன. டிஷ்ஷில் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் விட்டதும் அந்த மின்னூட்டம் அடங்கிப்போகிறது, உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைகிறது. நம் வீட்டுத் திண்ணையோரத்தில் தினம் நடப்பது இதுதான். உருண்டைகள் ஒட்டும்போது அவற்றின் தோல் எங்கும் போய்விடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீரில் கரையும் புரதமும் சர்க்கரையும் பெருமளவு பிழிந்த தண்ணீரோடு வெளியேறிவிடும், தோலாக இருந்தவை ரப்பருக்குள்ளேயே மடிந்து சிக்கிக்கொள்ளும்.

இனி சங்கிலிக்குள் போவோம்.

ரப்பரின் வேதிக் கணக்கை முதலில் சரியாகச் சொன்னவர் மைக்கேல் ஃபாரடே, 1826-இல். ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்று அவர் கண்டார். அந்தக் காலத்தில் இவ்வளவு துல்லியம் பெரிய காரியம். ஆனால் ரப்பர் உண்மையில் நீண்ட சங்கிலி என்று உலகம் ஒத்துக்கொள்வதற்கு இன்னும் 100 ஆண்டு ஆயிற்று, ஜெர்மன் வேதியியலாளர் ஸ்டௌடிங்கர் 1920-களில் சண்டை போட்டுத்தான் அதை நிலைநாட்டினார். சங்கிலி என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி தானாக வரும்: அதன் இரண்டு முனையிலும் என்ன இருக்கிறது?

யாரும் அதிகம் கவலைப்படாத கேள்வி இது, காரணமும் உண்டு. ஒரு ரப்பர் மூலக்கூறின் எடை பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டால் அதில் ஏறக்குறைய 15,000 ஐசோப்ரீன் துண்டுகள் இருக்கும். முனைகள் இரண்டே இரண்டு. 15,000 பேர் நிற்கும் வரிசையில் முதல் ஆளும் கடைசி ஆளும் என்ன சட்டை போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது போன்ற வேலை. இந்த வேலையில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தவர் ஜப்பானின் யாசுயுகி தனாகா. டோக்கியோ வேளாண்மை மற்றும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பின்பு தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகத்து ஜிட்லாட்டா சக்தாபிபானிச் போன்றவர்களோடு சேர்ந்து அவர் செய்த வேலைதான் இன்று நாம் நம்புகிற படத்துக்கு அடிப்படை. அவருடைய முக்கியக் கருவி என்.எம்.ஆர், மருத்துவமனை எம்.ஆர்.ஐ ஸ்கேனின் வேதியியல் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ரப்பரைக் கரைத்து, எடை குறைந்த சங்கிலிகளைத் தனியாகப் பிரித்து எடுத்தால் முனைகளின் விகிதம் கூடும், அப்போது அந்தச் சின்னச் சைகைகள் கேட்கும்.

மரம் சங்கிலியை எப்படிக் கோக்கிறது என்பது முன்பே ஓரளவு தெரியும். ஃபார்னெசில் டைபாஸ்பேட் என்ற 15 கார்பன் உள்ள ஒரு பொருளை முதல் கொளுவியாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஒவ்வொன்றாக ஐந்து கார்பன் துண்டுகளைச் சேர்க்கிறது. அந்த முதல் கொளுவியில் டைமெத்தில்அல்லில் என்ற ஒரு தொகுதியும், அதையடுத்து இரண்டு டிரான்ஸ் துண்டுகளும் இருக்கும். ஆக, தொடக்க முனையில், அதை ஒமேகா முனை என்கிறார்கள், இவை மூன்றும் வரிசையாகத் தெரிய வேண்டும். பால் வடிக்கும் ஒருவகைக் காளானில், லாக்டேரியஸ் என்று பெயர், கிடைக்கிற குட்டி ரப்பரில் அப்படியே தெரிந்தது. நம் ரப்பர் மரத்துப் பாலில் இரண்டு டிரான்ஸ் துண்டுகள் தெரிந்தன, டைமெத்தில்அல்லில் தெரியவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை, அல்லது வேறு ஏதோவாக மாறியிருக்கிறது.

எதுவாக மாறியிருக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி இல்லை, சுற்றுச் சாட்சிகள் இருக்கின்றன. புரதத்தைச் செரிக்கும் நொதியைப் பாலில் விட்டு, சோப்பு போன்ற பொருளால் கழுவி, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால் புரதம் கிட்டத்தட்ட இல்லாத ரப்பர் கிடைக்கும். அதில் ஜெல் அளவு சரிகிறது. ஜெல் என்றால் டொலுவீன் என்ற கரைப்பானில் போட்டால் கரையாமல் ஊறி நிற்கும் பகுதி, அதாவது சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துபோன பகுதி. இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: டொலுவீனில் ரப்பரைக் கரைக்கும்போது ஒரு சதவீத அளவில் எத்தனால் சேர்த்தாலே ஜெல் குறைகிறது. எத்தனாலுக்கு உறுதியான வேதிப் பிணைப்பை அறுக்கும் வலிமை கிடையாது, ஹைட்ரஜன் பிணைப்பு என்கிற தளர்ந்த கைகோப்பைத்தான் அதனால் விடுவிக்க முடியும். எனவே ஒமேகா முனையில் புரதமோ புரதத்தின் துண்டோ ஒட்டியிருக்கிறது, பக்கத்துச் சங்கிலிகளின் முனைப் புரதங்களோடு அது ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோக்கிறது என்பது தனாகா குழுவின் முடிவு.

மறுமுனை, ஆல்ஃபா முனை, இன்னும் சுவையானது. சங்கிலி வளர்ந்து முடிகிற இடம் அது, கடைசியாகச் சேர்ந்த துண்டின் பாஸ்பேட் அங்கே இருக்கும். புரதம் நீக்கிய ரப்பரிலும் ஒரு சங்கிலிக்குச் சராசரியாக இரண்டு நீண்ட கொழுப்பமிலங்கள் ஒட்டியபடியே இருப்பது தெரிந்தது. அசிட்டோனில் ஊறவைத்து உதிரிக் கொழுப்பை எல்லாம் கழுவின பிறகும் அந்த இரண்டு போகவில்லை. இரண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் பாஸ்போலிப்பிட்டின் இரண்டு வால் நினைவுக்கு வருகிறது இல்லையா? அப்புறம் சோடியம் மெத்தாக்சைடு சேர்த்து அந்தக் கொழுப்பமிலங்களை வெட்டி எடுத்தார்கள். வெட்டியதும் ரப்பரின் மூலக்கூறு எடையே இறங்கியது, கிளைகள் காணாமல் போய் நேரான சங்கிலிகள் மட்டும் மிஞ்சின. கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ், பாஸ்போலிப்பிட்டை உடைக்கும் பாஸ்போலிப்பேஸ், பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் என்று தனித்தனி நொதிகளை விட்டுப் பார்த்தபோதும் எடை இறங்கியது. ஒவ்வொரு நொதியும் ஒரே ஒரு வகைப் பூட்டைத்தான் திறக்கும், ஆகவே இதைவிடத் தெளிவாகச் சாட்சி சொல்ல முடியாது. ஆல்ஃபா முனைகள் பாஸ்போலிப்பிட் வழியாகக் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்கின்றன. மெக்னீசியம் போன்ற உலோக அயனிகளும் அந்தக் கொத்தைக் கட்டிப்போட உதவுகின்றன என்று கருதப்படுகிறது.

இப்போது முழுப் படத்தையும் பார்க்கலாம். ஒவ்வொரு நீண்ட சங்கிலியும் ஒரு முனையில் புரதக் கொத்தைப் பிடித்திருக்கிறது, மறுமுனையில் பாஸ்போலிப்பிட் கொத்தைப் பிடித்திருக்கிறது. நடுவில் 15,000 துண்டுகள் தாராளமாகச் சுருண்டு கிடக்கின்றன. கந்தகமே இல்லாமல் ஒரு வலை. மீனவர் வலையில் முடிச்சு எவ்வளவு சிறியது, நூல் எவ்வளவு நீளம், ஆனாலும் முடிச்சை அவிழ்த்துவிட்டால் கையில் மிஞ்சுவது நூல்தானே. ஆறு சதவீதத்திலும் ஒரு சின்னப் பங்கு மட்டும்தான் இந்த முடிச்சுகளாக இருக்கிறது.

ஷீட்டுப் பட்டையை இழுக்கும்போது ஏன் இறுகுகிறது என்பதற்கு இங்கே பதில் கிடைக்கிறது. ரப்பரை இழுத்தால் அதன் சங்கிலிகள் வரிசைப்பட்டுப் படிகமாகின்றன, இதை எக்ஸ்-ரேயில் 1925-இல் காட்டியவர் யோஹான் காட்ஸ். இழுப்பை விட்டால் படிகம் கரைந்து பழைய நிலைக்கு வந்துவிடும். இழுக்கும்போது உருவாகும் அந்தப் படிகங்கள்தான் ரப்பருக்குள் ஆங்காங்கே நட்டுவைத்த தூண்கள் மாதிரி நின்று, விரிசல் பரவாமல் தடுக்கின்றன. ஆனால் சங்கிலிகள் வரிசைப்பட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் யாராவது பிடித்து இழுக்க வேண்டும், முனை தளர்வாக இருந்தால் சங்கிலி நழுவிப் போய்விடும், நீளாது. ஆலை பாலிஐசோப்ரீனில் நடப்பது அந்த நழுவல்.

2000-களின் இறுதியில் ஷிகேயுகி டோகியும் பெஞ்சமின் ஷியாவோவும் தாய்லாந்து, ஜப்பான் நண்பர்களோடு சேர்ந்து அமெரிக்காவில் சிங்க்ரோட்ரான் என்ற பெரிய இயந்திரம் தரும் பிரகாசமான எக்ஸ்-ரே ஒளியில் ரப்பரை இழுத்துக்கொண்டே படம் எடுத்தார்கள். கந்தகம் சேர்க்காத சாதா மரத்து ரப்பர், புரதம் நீக்கியது, புரதத்தோடு கொழுப்பமிலமும் நீக்கியது, ஆலையில் செய்தது என்று வரிசையாக. சாதா ரப்பர் நன்றாகப் படிகமாகி இறுகியது. முனைப் பிணைப்புகளை எல்லாம் கழற்றிய மரத்து ரப்பர், சிஸ் ஒழுங்கு முழுமையாக இருந்தும், வலிமையில் ஆலை ரப்பர் பக்கம் சாய்ந்தது. கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்துவிட்டால் இந்த இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிடும், ஏனென்றால் கந்தகம் போடும் முடிச்சுகள் எண்ணிக்கையில் மிக அதிகம், அவைதான் அப்போது ஆளுகின்றன. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஆனாலும் டயர் செய்கிறவருக்குப் பச்சை ரப்பரின், அதாவது இன்னும் வேகாத ரப்பரின், வலிமை சாதாரண விஷயம் இல்லை. பச்சை டயரை உருளையில் சுற்றிக் கட்டி, அச்சில் ஏற்றி ஊதிப் பெருக்கும்போது கந்தகம் இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது, அந்த நேரத்தில் டயரின் உருவத்தைக் காப்பாற்றுவது மரம் போட்ட முடிச்சுகள்தான்.

படிகம் பற்றிப் பேசும்போது குளிரையும் சொல்லிவிட வேண்டும். இழுக்காமல் சும்மா வைத்தாலும் குளிரில் ரப்பர் மெதுவாகப் படிகமாகும், அதற்கு மிகவும் தோதான வெப்பநிலை சுமார் மைனஸ் 25 டிகிரி. பனிநாட்டுக் கிடங்குகளில் குளிர்காலத்தில் ரப்பர் பேல்கள் கட்டைபோல ஆகிவிடும், சூடான அறையில் வைத்து இளக்கிய பிறகுதான் வெட்ட முடியும். நம் ஊரில் யாரும் பார்த்திராத காட்சி. இங்கே வேலை செய்வது கொழுப்பமிலங்கள். ஸ்டீரிக் அமிலம் போன்ற நிறைவுற்ற கொழுப்பமிலம் படிகம் தொடங்குவதற்கு விதையாக இருக்கிறது, லினோலியிக் போன்ற நிறைவுறாதது சங்கிலிகளை இளக்கி நகரவிடுகிறது. அசிட்டோனில் கழுவி உதிரிக் கொழுப்பமிலத்தை எடுத்துவிட்டால் படிகமாகும் வேகம் குறைகிறது, ஸ்டீரிக் அமிலத்தைத் திரும்பச் சேர்த்தால் ஏறுகிறது. சங்கிலி முனையில் கட்டுண்ட கொழுப்பமிலமும் உதிரியாகத் திரிகிற கொழுப்பமிலமும் சேர்ந்திருந்தால்தான் வேகம் நன்றாக இருக்கிறது என்பதும் பார்த்தறிந்த ஒன்று.

அடுத்தது, விவசாயியும் வியாபாரியும் நேரில் அனுபவிக்கும் விஷயம்: இருப்பு வைத்த ரப்பர் நாளாக நாளாகக் கடினமாவது. ஷீட்டோ கட்டி ரப்பரோ மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தால் அதன் மூனி எண் ஏறும். மூனி என்பது ரப்பரைச் சூடாக்கி உள்ளே ஒரு தட்டைச் சுழற்றி அது எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்க்கும் அளவு. எண் ஏறினால் ஆலையில் ரப்பரை மிதித்து இளக்க அதிக நேரம், அதிக மின்சாரம். உலர்ந்த காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும், பாஸ்பரஸ் பென்டாக்சைடு போட்டு ஈரத்தை உறிஞ்சி 60 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் மாதங்களின் மாற்றத்தை 24 மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

இதைத் துப்புத் துலக்கியவர்களில் முக்கியமானவர் மலேசிய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பி.சி.சேகர். மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பின்னாளில் அந்த நிலையத்தின் தலைமைக்கே வந்தவர். சங்கிலியில் அங்கங்கே இருக்கும் ஆல்டிஹைடு தொகுதிகள் அமினோ அமிலங்களோடு சேர்ந்து சங்கிலிகளைப் பிணைக்கின்றன என்பது அவர் வைத்த விளக்கம். ஆல்டிஹைடை முன்கூட்டியே பிடித்து அடைத்துவிடும் ஹைட்ராக்சிலமின் உப்பைப் பாலில் சிறிதளவு சேர்த்தால் ரப்பர் கடினமாவது நின்றுபோகும் என்று காட்டினார். மூனி மாறாத ரப்பர் என்று இன்றும் சி.வி என்ற அடையாளத்தோடு விற்கிற ரகம் அந்த வேலையில் பிறந்தது. பின்னால் வந்த தனாகா, சக்தாபிபானிச் குழுவின் சோதனைகளில் புரதத்தை நீக்கியும் கடினமாதல் நடந்தது, முனைக் கொழுப்பமிலங்களை வெட்டியதும் அது ஏறக்குறைய நின்றது. எனவே ஆல்ஃபா முனையின் பாஸ்போலிப்பிட் கொத்துகளுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று முழுதாகத் தள்ளிவிடவில்லை என்பது என் கருத்து. அமினோ அமிலமும் ஆல்டிஹைடும் வலையை வலுப்படுத்துகின்றன, வலை எங்கே தொடங்கும் என்பதைக் கொழுப்பு முடிவு செய்கிறது என்று எடுத்துக்கொண்டால் ஹைட்ராக்சிலமின் பலன் தருவதும் பொருந்துகிறது.

அம்மோனியா போட்டுப் பாதுகாக்கும் பாலிலும் இதே மாதிரி மெதுவான மாற்றம் உண்டு. அம்மோனியா பாஸ்போலிப்பிட்டை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது, வெளிவரும் கொழுப்பமிலம் அம்மோனியாவோடு சேர்ந்து சோப்பாகி உருண்டைகளின் மேல் படிகிறது. கையுறை, பலூன் செய்கிறவர்கள் புதுப் பாலை உடனே எடுக்காமல் சில வாரம் பொறுப்பது அதற்காகத்தான், அந்தச் சோப்பு சேர்ந்த பிறகுதான் பால் கலக்கலுக்கும் குலுக்கலுக்கும் தாங்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டோகோட்ரையினால் என்ற வைட்டமின் ஈ வகைப் பொருள் பாலிலேயே இருந்து ரப்பரைக் காற்றிலிருந்து காக்கிறது. செம்பும் மாங்கனீசும் நேர் எதிர், மிகச் சிறிதளவு இருந்தாலும் ரப்பர் பிசுபிசுத்துச் சீக்கிரம் கெடும். புரதச் சிதைவிலும் பாஸ்போலிப்பிட்டிலும் இருந்து வரும் நைட்ரஜன் பொருட்கள் வல்கனைசிங்கை விரைவாக்கும், அதனால் புரதம் நீக்கிய ரப்பருக்கு ஆலையில் ஊக்கி மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரும். சர்க்கரை சரியாகக் கழுவப்படாமல் ஷீட்டில் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், வீட்டில் அம்மா ஷீட்டை ரோலரிலிருந்து எடுத்ததும் தொட்டித் தண்ணீரில் இரண்டு தடவை அலசுவதை எல்லோரும் பார்த்திருப்போம்.

புரதத்துக்கு ஒரு கொடிய பக்கமும் இருக்கிறது, அதை ஒளித்துவைக்கக் கூடாது. எய்ட்ஸ் அச்சம் பரவிய 1980-களின் பின்பாதியில் உலகமெங்கும் மருத்துவமனைகளில் கையுறைப் பயன்பாடு ஒரேயடியாக உயர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளுக்கும் ரப்பர் ஒவ்வாமை வரத் தொடங்கியது, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக. ரப்பர் உருண்டையின் தோலில் இருக்கும் இரண்டு புரதங்கள், சங்கிலி நீளக் காரணமென்று பெயர் வைக்கப்பட்ட ஆர்.இ.எஃப் ஒன்று, சிறு உருண்டைகளில் இருக்கும் எஸ்.ஆர்.பி.பி இன்னொன்று, ஒவ்வாமைப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. பாலில் இருக்கும் ஹெவெயின் என்ற புரதமும் அதில் உண்டு. கையுறைக்குள் போட்ட சோள மாவுப் பொடி இந்தப் புரதங்களைச் சுமந்துகொண்டு காற்றில் பறந்தது, அமெரிக்கா 2017 ஜனவரியில் பொடி போட்ட மருத்துவக் கையுறைகளைத் தடையே செய்தது. ஆக மருத்துவக் கையுறைக்குப் புரதத்தைக் கழுவித்தான் ஆக வேண்டும், விவாதமே இல்லை. அங்கே மெல்லிய படலத்தைக் கந்தகத்தின் முடிச்சுகள் தாங்கிக்கொள்ளும். ஒரே மரத்துப் பால், ஒரு பொருளுக்கு இந்த ஆறு சதவீதம் வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம்.

நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பாலை வாங்கும் இடத்தில் ரப்பர் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்கிறார்கள். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குமிழும் கறையும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். கட்டி ரப்பருக்கு அழுக்கு, சாம்பல், 0.6%-ஐத் தாண்டாத நைட்ரஜன் என்று சோதனைகள் உண்டு, அதில் நைட்ரஜன் மொத்தப் புரதத்தின் அளவைக் காட்டுமே தவிர அந்தப் புரதம் சங்கிலி முனையில் இருக்கிறதா உதிரியாகக் கிடக்கிறதா என்று காட்டாது. பாஸ்போலிப்பிட் எவ்வளவு என்று கேட்பார் யாருமில்லை.

ஆனால் அந்த அளவைத் தீர்மானிக்கிற கைகளில் வடிப்பவர் கையும் வீட்டுக்காரர் கையும் உண்டு. ஒரே தோட்டத்தின் ஒரே மரத்துப் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே சேகரித்து, தண்ணீர் கலந்து ரப்பர் அளவை 12 முதல் 15% வரை கொண்டுவந்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, பிழிந்து, அலசி, புகைக்கூட்டில் உலர்த்தினால் ஒரு விதமான வலை. அதையே சிரட்டையில் விட்டுவிட்டால் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கிப் பாலைத் தாமாகவே உறையவைக்கும், பிறகு நாட்கணக்கில் சாக்குக்குள் கிடக்கும்போது புரதத்தையும் கொழுப்பையும் உடைத்துக்கொண்டே இருக்கும். சாக்கு அடுக்கிய கிடங்குப் பக்கம் போனால் மூக்கைப் பிடிக்க வைக்கும் அந்த நாற்றம், வலையின் முடிச்சுகளாக இருந்திருக்கக்கூடிய பொருட்கள் சிதைந்து ஆவியாகிற வாசனைதான். மர ரகமும் மாற்றும்: ஆர்.ஆர்.ஐ.ஐ 105 பாலும் வேறொரு ரகத்தின் பாலும் புரதத்திலும் கொழுப்பிலும் ஒன்றாக இருப்பதில்லை, பருவமும் மரத்தின் வயதும்கூட அதைக் கூட்டும் குறைக்கும்.

ஊரில் ஷீட்டு அடிப்பது குறைந்து, பாலாகவோ சிரட்டைக் கட்டியாகவோ அப்படியே விற்றுவிடுவது கூடிக்கொண்டு வருகிறது. ஆள் கிடைப்பதில்லை, விலை நிற்பதில்லை, ரோலரைத் திருப்பும் தெம்பு பெரியவர்களுக்கு இல்லை, யாரையும் குறை சொல்ல முடியாது. எனக்கு இருக்கிற ஒரே ஆதங்கம், அடித்து அலசிப் புகைபோட்ட ஷீட்டுக்கு ஏன் ஆலைக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார் என்ற காரணத்தை அந்த ரோலரைத் திருப்பியவர்களிடம் யாரும் சொன்னதே இல்லை என்பதுதான். பளபளப்பாக இருப்பதால் என்றே எங்கள் மாமா கடைசிவரை நம்பினார். ஷீட்டின் ஓரத்தில் பட்டை வெட்டி, இழுத்துப் பார்த்து, "நல்லா பிடிக்குது பாரு" என்று அவர் சொன்னது, சிங்க்ரோட்ரான் வைத்து இழுத்துப் பார்த்தவர்கள் அளந்த அதே விஷயம்.